ஜெர்மனியில் டிசைன் படிக்க வரும் தம்பிக்கு

தம்பி, அடுத்த அக்டோபரில் ஜெர்மனிக்கு டிசைன் மாஸ்டர்ஸ் படிக்க வரப்போவதாகச் சொல்லி, எந்த லேப்டாப் வாங்கலாம், எந்த ஊர் நல்லது, கன்சல்டன்சி சொல்லும் தனியார் கல்லூரியில் சேரலாமா, ஆங்கிலத்தை வைத்தே ஓட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். லேப்டாப்பும் ஊரும் பெரிய விஷயமே இல்லை. இடம் கிடைக்கிற ஊருக்கு வாருங்கள். மற்ற இரண்டையும் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

பெரும்பாலான மாநிலங்களில் அரசுக் கல்லூரிகளில் கல்விக் கட்டணமே கிடையாது, மாணவர் சேவைகளுக்கான செமஸ்டர் தொகை மட்டும்தான். பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் மட்டும், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் நம்மைப் போன்றவர்களுக்குக் கல்விக் கட்டணம் செமஸ்டருக்கு 1,500 யூரோ. தனியாரில் ஆண்டுக்குப் பல ஆயிரம் யூரோ போகும். நான் கிளம்பும்போது போய்ப் பார்த்த கன்சல்டன்சியில் அரசுக் கல்லூரி என்ற பேச்சே எழவில்லை. அந்தக் கோபம் இன்னும் எனக்குத் தீரவில்லை. தனியாரில் நல்லவை இல்லாமல் இல்லை. ஆனால் வீட்டார் கடன் வாங்குவதற்கு முன் அரசுக் கல்லூரிகளுக்கு நீங்களே விண்ணப்பித்துப் பாருங்கள். அங்கே போர்ட்ஃபோலியோவை, அதாவது நீங்கள் செய்த வேலைகளின் தொகுப்பைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். அழகான இறுதிப் படங்களை மட்டும் அடுக்காதீர்கள். கிறுக்கல், பாதியில் கைவிட்ட மாதிரி வடிவம், ஏன் கைவிட்டீர்கள் என்பது, எல்லாம் அதில் இருக்கட்டும்.

சரி, மொழி. ஜெர்மன் தேவையே இல்லை என்று அடித்துச் சொல்லும் நம் ஆட்கள் பெரும்பாலும் மென்பொருள்காரர்கள். அவர்கள் அலுவலகத்தில் ஆங்கிலம் ஓடும். டிசைனர் வாடிக்கையாளரிடம் பேச வேண்டும், அச்சகத்தில் பேச வேண்டும், தன் வேலைக்காக வாதாட வேண்டும். பத்து ஆண்டுக்கு மேல் இங்கே இருந்தும் நம்மவர்களுக்குள்ளேயே புழங்கிக்கொண்டு, ஒரு கடிதம் வந்தால் படிக்க ஆள் தேடுகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்.

முதல் செமஸ்டரில் எனக்கு மிகவும் வலித்தது விமர்சன அமர்வுதான். வேலையைச் சுவரில் மாட்டிவிட்டு எல்லோர் முன்னாலும் நிற்க வேண்டும். பேராசிரியர் நன்றாக இருக்கிறது என்றெல்லாம் தொடங்க மாட்டார். இந்த எழுத்துரு ஏன், இந்த இடைவெளி ஏன் என்று நேராகக் கேட்பார். முடிந்ததும் அறைக்குப் போய் அழுதிருக்கிறேன். பழகினால்தான் அது வேலையைப் பற்றிய பேச்சு, நம்மைப் பற்றியது இல்லை என்று உறைக்கும். கடைசி ஆண்டில் நான் ஜெர்மனிலேயே திருப்பி வாதாடினேன். அதில் எனக்கு நிறையப் பெருமை உண்டு.

அப்புறம் பட்டறை. மர வேலை, உலோகம், அச்சு என்று நல்ல கல்லூரிகளில் இருக்கும். பாதுகாப்புப் பயிற்சி முடிக்காமல் இயந்திரத்தில் கைவைக்க விடமாட்டார்கள், அந்தப் பயிற்சி பல இடங்களில் ஜெர்மனில்தான். நம் பிள்ளைகள் பலர் அதைத் தவிர்த்துவிட்டுத் திரை முன்னாலேயே இரண்டு ஆண்டையும் கழிக்கிறார்கள். எனக்குத் தாங்கவில்லை. 1919-இல் வைமார் நகரில் பௌஹவுஸ் என்ற டிசைன் பள்ளி தொடங்கியபோதே பட்டறைகளை ஓவியரும் கைவினைஞருமாகச் சேர்ந்து நடத்தினார்கள். கையால் செய்து கற்பது இந்த நாட்டு டிசைன் படிப்பின் அடித்தளம். எங்கள் மரப் பட்டறை மாஸ்டர் அதிகம் பேசாதவர். நான் செய்த மர இணைப்பைக் கையில் வாங்கி, விரலால் தடவி, திருப்பிக் கொடுப்பார். மறுபடி செய் என்று அர்த்தம். இன்றைக்கும் ஒரு பொருளைக் கையில் எடுத்தால் என் விரல் முதலில் இணைப்பைத்தான் தேடுகிறது.

பட்டம் வாங்கியபின் வேலை தேட 18 மாத அனுமதி கிடைக்கும். நீளமாகத் தெரியும், ஓடிவிடும். அதனால் படிக்கும்போதே ஏதாவது ஸ்டூடியோவில் மாணவர் வேலைக்குச் சேர முயலுங்கள். கிடங்கில் பெட்டி தூக்கினால் வாடகை கட்டலாம், போர்ட்ஃபோலியோவுக்கு ஒன்றும் சேராது. ஜெர்மன் வகுப்பில் இந்த மாதமே சேர்ந்துவிடுங்கள். போர்ட்ஃபோலியோ தயாரானதும் எனக்கு அனுப்புங்கள். ஏன், ஏன் என்று கேட்டுத்தான் பதில் எழுதுவேன்.