புதிதாகப் பிறந்த அமெரிக்காவில் எதிரெதிர்க் கட்சிகள் ஏன் உருவாயின?

அரசியல் கட்சி என்பது ஆட்சி எப்படி நடக்க வேண்டும் என்பதில் ஒத்த கருத்துள்ளவர்கள் தேர்தலுக்காகச் சேரும் அணி. அமெரிக்க அரசியலமைப்பில் கட்சி என்ற பேச்சே இல்லை. பிளவைத் தொடங்கியது கடன்.

1790-இல் நிதியமைச்சர் ஹாமில்டன், சுதந்திரப் போருக்காக மாநிலங்கள் வாங்கிய கடனை மத்திய அரசே ஏற்கட்டும் என்றார். கூட்டுக் குடும்பத்தில் தன் கடனைப் பெரும்பாலும் அடைத்துவிட்ட தம்பியிடம், அண்ணன்மாரின் கடனைப் பொதுப் பணத்தில் தீர்க்கலாம் என்றால் கொதிப்பான் அல்லவா? வர்ஜீனியா மாநிலம் அப்படித்தான் கொதித்தது. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது என்றே கருதுகிறேன். அடுத்த ஆண்டு ஹாமில்டன் கேட்ட தேசிய வங்கியும் வந்து பிளவை வளர்த்தது.

வலுவான மத்திய அரசை விரும்பியவர்கள் ஹாமில்டனின் ஃபெடரலிஸ்ட் கட்சியாயினர்; மாநில உரிமை கேட்டவர்கள் வர்ஜீனியாத் தலைவர்களான ஜெஃபர்சன், மேடிசன் பின்னால் திரண்டு, தங்களைக் குடியரசுக் கட்சியினர் என்றனர்.

இன்றைய குடியரசுக் கட்சி அதுவேதான் என்று பலர் நினைக்கிறார்கள். இன்றையது 1854-இல் புதிதாகத் தோன்றிய வேறு கட்சி.