‘நீ’ என்று சொன்னவர்கள்

பேராசானுக்கு வணக்கம்.
குவேக்கர் என்ற கிறிஸ்தவச் சபையாரின் பெயருக்கு நடுங்குபவர் என்று பொருள் எனப் படித்தேன். அவர்களோ தங்களை ‘நண்பர்கள்’ என்கிறார்கள். எது சரியான பெயர்? ஓட்ஸ் டப்பாவில் இருப்பவர் அவர்களில் ஒருவரா?
கே.

அன்புள்ள கே.,

ஓட்ஸ் கம்பெனிக்கும் அந்தச் சபைக்கும் சம்பந்தமில்லை. விடுங்கள். 1650-ல் டார்பி நகர நீதிபதியிடம் ‘கர்த்தரின் வார்த்தைக்கு முன் நடுங்கு’ என்றாராம் அந்தச் சபையைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபாக்ஸ். அந்த நீதிபதி அடித்த நக்கல்தான் குவேக்கர். ஊர் வைத்த பட்டப்பெயரை உதறியவர் உண்டா? ‘நண்பர்கள்’ யோவான் 15-ம் அதிகாரத்திலிருந்து வந்தது. இனி உங்களை ஊழியக்காரர் என்று சொல்வதில்லை என்று சொல்லி, சீடர்களைச் சிநேகிதர் என்கிறார் இயேசு.

இதைப் பற்றிக் கேட்கிற கடிதத்தையா ‘பேராசானுக்கு’ என்று தொடங்குவது? கொஞ்சமாவது உறைக்க வேண்டாமா?

கோபமில்லை. சில நாட்களாக நானும் இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைய ஆங்கிலத்திலும் நம்மைப் போல நீ, நீங்கள் இரண்டும் உண்டு. பெரிய மனிதருக்கு ‘யூ’, எளியவருக்கு ‘தௌ’. நண்பர்கள் நீதிபதியையும் பெற்ற அப்பனையும்கூட ‘தௌ’ என்றார்கள். யாருக்கும் தொப்பியைக் கழற்றவும் இல்லை. 1670-ல் லண்டன் நீதிமன்றத்தில் அதற்காகவே அந்தச் சபைக்காரர் வில்லியம் பென்னுக்கு 40 மார்க் அபராதம்.

துணிச்சல்தான். ஆனால் எல்லாரையும் ‘நீ’க்கு இறக்குவதில் எனக்கு ஒப்புதல் இல்லை. ஆங்கிலமும் அவர்கள் பேச்சைக் கேட்கவில்லை. நாளடைவில் எல்லாரையும் ‘யூ’வுக்கு ஏற்றிவிட்டது. பழைய ‘நீ’ அந்தச் சபைக்காரர்களின் வீட்டுப்பேச்சாகச் சுருங்கிப்போனது. ஏற்றுவதுதான் சரி என்பேன். ‘நீ’யில் சமத்துவம் இருக்கிறது என்று சொல்கிறவர், அதை வாழ்நாள் முழுக்க வாங்கிக் கட்டிக்கொண்டவராக இருக்கமாட்டார்.

எங்கள் வீட்டுக்கு வெளுத்த துணி கொண்டுவரும் பெரியவருக்கு எழுபது வயதிருக்கும். எனக்கு ஏழு. ‘நீ நாளைக்கு வா’ என்பேன். ‘சரிங்க சின்னய்யா’ என்பார். ஒருநாள், பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி, ‘உட்காருங்க தாத்தா’ என்றேன். மனிதர் வெலவெலத்துப்போய் திண்ணையில் இருந்த அப்பாவைப் பார்த்தார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அவர் பேரன் வந்தான். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். நான் அவனை ‘நீ’ என்றேன். அவன் என்னை ‘நீங்க’ என்றான்.