கேஸ் கசிந்து தீக்காயம் பட்டால் இழப்பீடு கேட்க முடியுமா?

வீட்டில் கேஸ் கசிந்து தீப்பிடித்து அம்மாவுக்குக் கை, கழுத்தெல்லாம் தீக்காயம், யாரிடம் இழப்பீடு கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள். கண்டிப்பாகக் கேட்கலாம். நாம் ஒரு பைசா பிரீமியம் கட்டாமலே எண்ணெய் நிறுவனங்கள் எடுத்து வைத்திருக்கும் காப்பீடு ஒன்று இருக்கிறது, பலருக்கு அது தெரியவே தெரியாது என்பதுதான் என் ஆதங்கம். சிகிச்சைச் செலவுக்கு ஒருவருக்கு 2 லட்சம் வரை, உயிரிழப்புக்கு 6 லட்சம். உடனே கேஸ் ஏஜென்சியில் எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கிவிடுங்கள்.

அப்புறம், எரிந்த டியூபையும் ரெகுலேட்டரையும் தயவுசெய்து குப்பையில் போட்டுவிடாதீர்கள். டியூபில் இருக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை, காலாவதித் தேதி எல்லாம் விசாரணையில் வரும். ஆஸ்பத்திரி ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி, போலீஸ் புகார் ரசீது, மருந்து பில்கள், ஒவ்வொரு முறை கட்டு மாற்றும்போதும் காயத்தின் போட்டோ என்று எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள், ஏனென்றால் காயம் ஆறிய பிறகு பட்ட வேதனையை நிரூபிப்பது ரொம்பக் கஷ்டம்.

காப்பீட்டை இழுத்தடித்தாலோ, சிலிண்டர் வால்விலேயே கோளாறு என்றாலோ மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், ஆனால் 2 ஆண்டுக்குள். வக்கீல் கட்டாயமில்லை, பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணமும் கிடையாது. இனி ஆகப்போகும் பிளாஸ்டிக் சர்ஜரிச் செலவு, இழந்த சம்பளம், மன உளைச்சல் எல்லாவற்றையும் மனுவிலேயே கேட்டுவிடுங்கள்.