ஸ்டோக்கிங்கரும் டிஎல்வி பட்டியலும்: சில கேள்விகள், பதில்கள்

கே: ஸ்டோக்கிங்கர் யார் சார்? பாடப்புத்தகத்தில் பெயரே இல்லையே. (வேதியியல் மாணவி)

ப: ஹெர்பர்ட் ஸ்டோக்கிங்கர், அமெரிக்க நச்சியல் நிபுணர். அணுகுண்டுத் திட்டக் காலத்தில், யுரேனியத் தூசி மூச்சில் போனால் உடம்பு என்னவாகும் என்று ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தவர். 1962 முதல் 1977 வரை டிஎல்வி (Threshold Limit Value, அதாவது வேலையிடக் காற்றில் ஒரு ரசாயனத்துக்கான வரம்பு) கமிட்டியின் தலைவர். பட்டறைக் காற்றில் எந்த ரசாயனம் எத்தனை பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் எத்தனை பங்கு) இருக்கலாம் என்று பட்டியல் போடும் கமிட்டி அது.

கே: அந்த எண்ணை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

ப: தொடக்க காலத்தில் நடந்ததைக் கேட்டாலே திக்கென்றிருக்கும். 1883இல் மியூனிக்கில் மாக்ஸ் க்ரூபர் என்பவர் கார்பன் மோனாக்சைடைக் கோழிக்கும் முயலுக்கும் கொடுத்துப் பார்த்தார். அதோடு விடாமல், அடுத்தடுத்து இரண்டு நாள், தினம் மூன்று மணி நேரம், 210, 240 பிபிஎம் அளவில் தானே சுவாசித்தார். ஒன்றும் ஆகவில்லை என்று எழுதி, 200க்குக் கீழே கெடுதல் இல்லை என்றார். இன்றைய டிஎல்வி 25! விலங்குச் சோதனை, தொழிலாளர் மருத்துவப் பதிவு, காற்றை அளந்த கணக்கு எல்லாம் பின்னால் சேர்ந்தன. கடைசியில் கமிட்டி உட்கார்ந்து வாதாடித்தான் எண்ணை முடிவு செய்யும்.

கே: வரம்புக்குள் இருந்தால் பயமில்லைதானே?

ப: அப்படி நம்பாதீர்கள். 'ஏறக்குறைய எல்லாத் தொழிலாளர்களுக்கும்' என்றுதான் டிஎல்வி முன்னுரையே சொல்கிறது. பிவிசி பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் வினைல் குளோரைடு வாயுவுக்கு அமெரிக்கச் சட்ட வரம்பு 500 பிபிஎம் ஆக இருந்தது. 1974இல் லூயிவில் நகரின் பிவிசி ஆலைத் தொழிலாளர்கள் அபூர்வமான கல்லீரல் புற்றுநோயில் இறந்தது தெரியவந்தது. மறு வருஷமே வரம்பு 1 பிபிஎம்.

கே: கம்பெனிக்காரன் சொன்ன எண்தானே எல்லாம்?

ப: எல்லாம் அல்ல, ஆனால் பல. வெளியிடப்படாத கம்பெனித் தகவலை வைத்துப் பல வரம்புகள் வந்ததை 1988இல் ஒரு ஆய்வுக் கட்டுரை புட்டுப் புட்டு வைத்தது. வேறு தகவல் இல்லாத காலம்தான். ஆனாலும் பூட்டி வைத்த தகவலில் வந்த எண்ணை நான் அரை மனதோடுதான் ஏற்பேன்.

கே: எங்கள் பிளாண்டில் 12 மணி நேர ஷிஃப்ட். அதே வரம்புதானா?

ப: இல்லை. அது தினம் 8 மணி, வாரம் 40 மணிக்கான கணக்கு. நீண்ட ஷிஃப்டுக்கு வரம்பைக் குறைக்கும் பிரீஃப்–ஸ்காலா முறைப்படி, 8ஐ 12ஆல் வகுத்து, உங்கள் ஓய்வு நேரம் 12ஐ 8 மணி ஷிஃப்டின் ஓய்வு நேரமான 16ஆல் வகுத்து, இரண்டையும் பெருக்குங்கள். அரை வரும். அதாவது 50 பிபிஎம் என்றால் உங்களுக்கு 25தான். சேஃப்டி ஆபீசரிடம் காற்று அளவு ரிப்போர்ட்டைக் கேட்டு, எந்த ஷிஃப்டில் அளந்தார்கள் என்று பாருங்கள்.