வகுப்பில் கணக்கு விளையாட்டு: கேள்விகளும் பதில்களும்

தொடக்க வகுப்புக் கணக்கை விளையாட்டாகச் சொல்லித் தருவது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன் டீச்சர். "இருநூற்று மூன்று" எழுதச் சொன்னால் பலர் 2003 என்று எழுதுகிறார்கள். திருத்தித் திருத்திப் பார்த்துவிட்டேன்.

காதில் விழுவதை அப்படியே எழுதுகிறார்கள்: 200, அப்புறம் 3. இடமதிப்பு இன்னும் பிடிபடவில்லை. மூன்று கட்டம் ஆடிப் பாருங்கள். ஒவ்வொருவரும் நோட்டில் நூறு, பத்து, ஒன்று என மூன்று கட்டம் போடட்டும். 0 முதல் 9 வரை எழுதிய சீட்டுகளை ஒரு டப்பாவில் போட்டு, ஒவ்வொன்றாக எடுத்து வாசியுங்கள். வாசித்த உடனே ஏதாவது ஒரு கட்டத்தில் எழுதிவிட வேண்டும், அழிக்கக் கூடாது. மூன்று சீட்டு முடிந்ததும் யாருடைய எண் பெரியதோ அவருக்கு வெற்றி.

முதல் சீட்டில் 5 வந்தால் எங்கே எழுதுவது? நூறில் வைத்தபின் 9 வந்துவிட்டால்? பிள்ளைகள் தவிக்கும் அந்த நேரத்தில்தான் இடமதிப்பு மனதில் ஏறுகிறது. மறுநாள் சிறிய எண்ணுக்கு வெற்றி என்று மாற்றுங்கள். 0 நூறின் கட்டத்துக்குப் போகும். 047 மூன்று இலக்க எண்தானா என்று வாக்குவாதம் கிளம்பும். தீர்ப்பு சொல்ல அவசரப்படாதீர்கள், பேசவிடுங்கள். கடைசியில் அவரவர் எண்ணை உரக்க வாசிக்க வைக்க மறக்க வேண்டாம்.

எந்த விளையாட்டு வைத்தாலும் அதே நான்கு பேர்தான் ஜெயிக்கிறார்கள்.

முதலில் சொல்பவருக்கு வெற்றி என்ற விதியை எடுத்துவிடுங்கள். அதில் ஏற்கெனவே தெரிந்த பிள்ளைக்குத்தான் பயிற்சி கிடைக்கிறது, மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். பகடையோ சீட்டோ உள்ள ஆட்டமாக, இருவர் இருவராக ஆடட்டும்.

என் பையன் நான்காம் வகுப்பு. வாய்ப்பாடு என்றாலே அழுகிறான் மேடம்.

கட்டம் போட்ட கணக்கு நோட்டும் இரண்டு பகடையும் போதும். 6, 4 விழுந்தால் 6 கட்ட நீளம், 4 கட்ட அகலத்தில் ஒரு செவ்வகம் வரைந்து, உள்ளே 24 என்று எழுத வேண்டும். நீங்கள் வேறு நிறத்தில் வரையுங்கள். இடம் தீரும்வரை ஆடி, மொத்தக் கட்டங்களைக் கூட்டிப் பாருங்கள். 6 × 4, 4 × 6 இரண்டும் ஒரே செவ்வகம்தான் என்பது அவனுக்கே தெரிந்துவிடும். மனப்பாடம் செய்யவேண்டிய வாய்ப்பாட்டில் கிட்டத்தட்ட பாதி அங்கேயே குறைகிறது.

பல்லாங்குழி, தாயம் எல்லாம் உண்மையிலேயே கணக்குக்கு உதவுமா?

நிச்சயமாக. 14 குழியில் ஐந்தைந்து புளியங்கொட்டை போடும்போதே ஐந்து ஐந்தாக எண்ணி 70 வந்துவிடுகிறது. தாயக்கட்டை பெரிய பிள்ளைகளுக்கு இன்னும் நல்லது. ஒவ்வொரு கட்டையிலும் 0, 1, 2, 3. ஐந்து விழ 2, 3 சேர வேண்டும். மூன்றோ 1, 2 சேர்ந்தும் வரும், 0, 3 சேர்ந்தும் வரும். எது அடிக்கடி விழுகிறது என்று குறித்துவைக்கச் சொல்லுங்கள்.

மொபைல் செயலி?

வீட்டில் கொஞ்ச நேரம், சரி. ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்க எதிரில் ஒரு ஆள் இருக்கும் ஆட்டத்துக்கே என் ஓட்டு.

ஐந்தாம் வகுப்புக்குப் பொருள் எதுவும் தேவைப்படாத ஆட்டம் ஒன்று சொல்லுங்கள்.

இருபத்தொன்று. இருவர் 1 முதல் மாறி மாறி எண்ண வேண்டும். ஒரு முறைக்கு ஒரு எண்ணோ அடுத்தடுத்து இரண்டு எண்களோ சொல்லலாம். 21 சொல்பவருக்கு வெற்றி. 18 சொன்னவர் தோற்க மாட்டார் என்று யாராவது கவனிப்பார்கள், பிறகு 15, 12 என்று பின்னோக்கிப் போவார்கள். எல்லோருக்கும் சூட்சுமம் பிடிபட்டதும், மூன்று எண்கள்வரை சொல்லலாம் என்று விதியை மாற்றுங்கள்.