ஜெர்மன்காரன் அழல, நாம மட்டும் ஏன் அழறோம்? – ஒரு வாசகர் கடிதம்

வணக்கம் சார்,

நான் ஜெர்மனில ஸ்டுட்கார்ட் பக்கம் வேலை பாக்கறேன். பாஷை கத்துக்கறதுக்காக ஆர்டிஎல் சேனல்ல 'வேர் விர்ட் மில்லியோனேர்'ங்கற கேள்வி பதில் நிகழ்ச்சி பாக்க ஆரம்பிச்சேன். முதல் தடவை பாத்தப்ப சிரிப்பு வந்துடுச்சு, அதே மியூசிக், அதே ரெண்டு உயரமான நாற்காலி, அதே நீல லைட்டு, அப்படியே நம்ம கேபிசி, அதான் அமிதாப்போட 'கோன் பனேகா குரோர்பதி'. ஆனா இங்க யாரும் அழறதில்ல சார். குடும்பக் கஷ்டத்தை வீடியோவா போட்டுக் காட்டறதில்ல. கேள்வி, பதில், நடுவுல கிண்டல், அவ்வளவுதான். நம்ம 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி'ய நினைச்சுப் பாத்தா பாதி நேரம் கண்ணீர்லயே போயிருக்கு. பிரிட்டிஷ்காரன் பண்ணின ஒரிஜினல நாமதான் கெடுத்துட்டோமோ? இன்னொண்ணு, தமிழ்ல இது திரும்ப வந்தா யார் நடத்தினா நல்லா இருக்கும்? (என் பேரு போட வேண்டாம்.)

—

அன்புள்ள நண்பருக்கு,

கெடுத்துட்டோமான்னு கேட்டா, இல்லன்னுதான் சொல்வேன். ஆனா உங்க எரிச்சல்ல பாதி நியாயம் இருக்கு, அதுக்குக் கடைசில வரேன்.

மொதல்ல ஒரிஜினல் கதை, 'ஹூ வான்ட்ஸ் டு பி எ மில்லியனேர்'. 1998 செப்டம்பர்ல பிரிட்டன்ல ஐடிவி சேனல்ல வந்தது, நடத்தினவர் கிறிஸ் டாரன்ட், ரேடியோலேர்ந்து வந்த ஆளு. ஆரம்பத்துல அதுக்கு வச்ச பேரே 'கேஷ் மவுன்டன்', பணமலை. கலந்துக்க ஆசைப்படறவங்க அதிக சார்ஜ் உள்ள ஒரு நம்பருக்கு போன் பண்ணணும், அந்த போன் காசுலேர்ந்துதான் பரிசுப் பணம் வந்துச்சு, அதாவது ஜெயிக்கறவனுக்குத் தோத்தவங்க எல்லாரும் சேந்து மொய் வச்ச கணக்கு. அதுக்கப்புறம் நூத்துக்கும் மேல நாடுகளுக்கு வித்தாங்க. விக்கும்போது பேரை மட்டும் குடுக்கல, செட்டு எப்படி இருக்கணும், லைட்டு எப்ப கீழ எறங்கணும், மியூசிக் எப்ப மாறணும் எல்லாத்தையும் சேத்துதான் குடுத்தாங்க. அந்த மியூசிக்க கவனிச்சுக் கேட்டுப் பாருங்க, மேல போகப் போக ஒவ்வொரு கேள்விக்கும் சுருதி அரை ஸ்தானம் ஏறிக்கிட்டே போகும், நமக்கே தெரியாம வயித்தைப் பிசையறது அதுதான். அதனாலதான் உங்களுக்கு ஸ்டுட்கார்ட்ல கேபிசி பாத்த மாதிரி இருந்துச்சு.

அப்ப ஒவ்வொரு ஊர்க்காரனுக்கும் சொந்தமா செய்ய என்னதான் மிச்சம்னா, எனக்குத் தெரிஞ்சு ரெண்டு எடம். ஒண்ணு, கீழ இருக்கற சுலபமான கேள்விங்க. ரெண்டாவது, போட்டியாளர் பதில் சொன்னதுக்கும் அது சரியா தப்பான்னு நடத்தறவர் சொல்றதுக்கும் நடுவுல இருக்கற கேப்பு.

சுலபமான கேள்வின்னா என்ன பெரிய விஷயம்னு தோணும். உங்க அனுபவத்துலயே பாருங்களேன், ஜெர்மன் நிகழ்ச்சில 50 யூரோ, 100 யூரோ கேள்வியெல்லாம் பெரும்பாலும் வார்த்தை விளையாட்டு, பழமொழிய ஒடிச்சுப் போட்டு நாலு ஆப்ஷன் குடுப்பாங்க, ஜெர்மன் தாய்மொழியா இருக்கறவனே சில சமயம் அங்க தடுக்கி விழுந்து மானம் போய் எறங்கியிருக்கான். நீங்களும் நானும் அந்த நாற்காலில உக்காந்தா 50 யூரோ கூடத் தேறாது. ஆனா 2000 டிசம்பர்ல அங்க முதல் தடவையா மில்லியன் மார்க் ஜெயிச்ச எக்கார்ட் ஃப்ரைசேன்னு ஒரு வரலாற்றுப் பேராசிரியர், அவருக்கு வந்த கடைசிக் கேள்வி என்ன தெரியுமா, 1953ல எட்மண்ட் ஹிலாரியோட எவரெஸ்ட் உச்சில நின்னவர் யாருங்கறதுதான். டென்சிங் நார்கே! நம்ம ஊர்ல அஞ்சாங்கிளாஸ் பையன எழுப்பிக் கேட்டாலும் தூக்கக் கலக்கத்துல சொல்வான், அங்க அது மில்லியன் மார்க் கேள்வி. பிரிட்டன்ல அதே வருஷம் நவம்பர்ல ஜூடித் கெப்பல்ங்கற அம்மா முதல் மில்லியன் ஜெயிச்சாங்க, அவங்களுக்கு வந்தது அக்விடைன் நாட்டு எலினோர கல்யாணம் பண்ணின ராஜா யாருன்னு, பதில் ரெண்டாம் ஹென்றி. நமக்கு அது யாரோ எவரோ. மேல போகப் போக புஸ்தகம் படிச்சவன் எந்த நாட்டுக்காரனா இருந்தாலும் ஒரு கை பாத்துடலாம், கீழ்ப் படில நிக்கறதுக்குத்தான் அந்த ஊர்ல வளந்திருக்கணும், அந்த ஊர்ப் பாட்டி சொன்னதக் கேட்டிருக்கணும். கேபிசில மொத நாலஞ்சு கேள்வி சினிமாப் பாட்டும் பழமொழியும் சமையலுமா இருக்கறத மட்டம்னு நெறைய பேரு சொல்றாங்க, நான் அத மட்டம்னு சொல்ல மாட்டேன்.

இப்ப அந்த கேப்புக்கு வரேன், எனக்கு ரொம்பப் புடிச்சது இதுதான். ஜப்பான்ல ஃபுஜி டிவில 2000லேர்ந்து 2007 வரைக்கும் வாராவாரம் நடத்தினவர் மினோ மோன்டா. பரிசு 1 கோடி யென், அன்னிக்கு கணக்குல 1 லட்சம் டாலருக்குக் கொஞ்சம் முன்னப்பின்ன, மத்த நாட்டோட பாத்தா ஒண்ணும் பெரிய தொகை இல்ல. ஆனா அந்த மனுஷன் போட்டியாளர் பதில உறுதி பண்ணினதுக்கு அப்புறம் ஒரு வார்த்தை பேசாம அப்படியே முகத்தையே பாத்துக்கிட்டு இருப்பார். கேமரா அவர் கண்ணுக்குப் போகும், திரும்பப் போட்டியாளர் நெத்திக்கு வரும், திரும்ப அவர்கிட்ட போகும், இவர் லேசா உதட்டப் பிதுக்குவார், தப்புப் போலருக்கேன்னு பாவம் அந்தாளுக்கு வேர்த்துக் கொட்டும், அப்பறமும் பேச மாட்டார். சில சமயம் அந்த எடத்துலயே விளம்பரம் வேற போட்டுருவாங்க. ஜப்பானிய பாஷைல ஒரு எழுத்து தெரியாட்டியும் நமக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். யூடியூப்ல பழைய துண்டுகள் கிடைக்கும், தேடிப் பாருங்க.

அதே கேப்ப உங்க குந்தர் யாவ்ஹ் நிரப்பற விதம் வேற. 1999லேர்ந்து அங்க நடத்தறவர் அவர்தான். அடிப்படைல பத்திரிகையாளர், விளையாட்டு நிகழ்ச்சியெல்லாம் பண்ணினவர். அவர் வாத்தியார். போர்டுல கணக்கு போட்டுட்டு நிக்கற பையன்கிட்ட "நிச்சயமா? நல்லா யோசிச்சியா?"ன்னு கேட்டு சரியான விடைய அழிக்க வைக்கற டைப் வாத்தியார். புருவத்தத் தூக்கறதுலயே பாதி பேர் தடுமாறிடுவாங்க. அங்க அழுகை இல்லங்கறீங்களே, அழுகைக்குப் பதிலா அங்க கிண்டல் இருக்கு, அவங்க ஊர்ல அதுதான் பாசம்னு நினைக்கறேன், நீங்க பக்கத்துல இருந்து பாக்கறவர், நீங்கதான் சொல்லணும்.

பிரான்ஸ்ல கேப்பு இருந்தும் ஒருத்தருக்குப் பிரயோஜனம் இல்லாமப் போன கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். பூமிய சுத்தி வர்றது எதுன்னு கேள்வி. அவருக்குச் சந்தேகம், ஆடியன்ஸ கேட்டார், 56 சதவீதம் பேர் சூரியன்னு பட்டன அமுக்கிட்டாங்க, இவரும் நம்பி சூரியன்னே சொல்லிட்டார். இவ்வளவு சின்னக் கேள்விக்கு உதவி கேக்கறானேன்னு கடுப்புல கூட்டம் வேணும்னே கவுத்துடுச்சுன்னு ஒரு பேச்சு உண்டு. எனக்கென்னவோ அப்படி நம்பத்தான் ஆசை.

அந்த கேப்புல கைய வச்சுக் கெடுத்தவன்னு ஒருத்தன சொல்லணும்னா அது அமெரிக்காக்காரன்தான், நாம இல்ல. 1999 ஆகஸ்ட்ல ஏபிசில ரீஜிஸ் ஃபில்பின் ஆரம்பிச்சப்ப நாடே உக்காந்து பாத்துச்சு. அந்த நவம்பர்ல ஜான் கார்ப்பென்டர்னு வருமான வரித்துறைல வேலை பாத்தவர் கடைசிக் கேள்விக்கு அப்பாவுக்கு போன் போட்டார், உதவிக்கு இல்ல, அப்பா நான் மில்லியன் ஜெயிக்கப் போறேன்னு சொல்றதுக்கு. வெளிநாட்டு எபிசோட்கள்லயே எனக்கு அந்த ஒரு நிமிஷத்துக்கு ஈடு இன்னும் கிடைக்கல, அவ்வளவு அலட்சியம், அவ்வளவு பாசம், ரெண்டும் ஒண்ணா. அதுக்கப்புறம் சேனலுக்குப் பேராசை வந்து வாரத்துக்கு நாலு நாளு அஞ்சு நாளுன்னு போட்டுப் போட்டு ஜனங்களுக்குத் திகட்டிப் போய் 2002ல ராத்திரி நிகழ்ச்சி படுத்துடுச்சு. பகல்ல ஓடின இன்னொரு வடிவத்துல 2008ல கடிகாரத்தக் கொண்டு வந்தாங்க, கீழ்க் கேள்விக்கு 15 செகண்டு, அப்பறம் 30, அப்பறம் 45. 2010ல கடிகாரத்த எடுத்தாங்க, கூடவே நாற்காலியையும் எடுத்துட்டாங்க, நின்னுக்கிட்டே பதில் சொல்லணும், பணமும் படிப்படியா ஏறாம கலைச்சுப் போட்டாங்க. யோசிக்கறவன் முகத்தைப் பாக்கத்தான்யா நாங்க டிவிய போடறோம், அவன நிக்க வச்சு வெரட்டினா அது வேற ஏதோ போட்டி.

யோசிக்க இவ்வளவு நேரம் குடுத்தா அதுல ஒரு ஓட்டையும் இருக்கத்தான் செய்யும். 2001ல பிரிட்டன்ல சார்லஸ் இன்கிராம்னு ராணுவ மேஜர் ஒருத்தர் நாலு ஆப்ஷனையும் திரும்பத் திரும்ப சத்தமாப் படிப்பார், சரியான விடை வரும்போது பின்னாடி ஒருத்தர் இருமுவார். 2003ல கோர்ட்டு குற்றம்னு சொல்லிடுச்சு, அவங்க இன்னிக்கு வரைக்கும் இல்லன்னுதான் சாதிக்கறாங்க.

சரி, நம்ம கதை. 2000 ஜூலை 3, ஸ்டார் பிளஸ். முதல்ல யோசிச்சது லட்ச ரூபா பரிசு, பேரும் 'லக்பதி'தான், ரூபர்ட் மர்டாக் கேட்டுட்டு பத்தாது கோடியா ஆக்குன்னு சொன்னதா அந்த டீம்ல இருந்தவங்களே சொல்லியிருக்காங்க. அமிதாப் அப்ப கம்பெனி நொடிச்சுப்போய் கடன்ல கெடந்த நேரம், லண்டன் போய் ஷூட்டிங்க நேர்ல பாத்துட்டு வந்துதான் ஒத்துக்கிட்டார். அந்த முதல் சீசன்லயே அவர் பண்ணினது டாரன்ட்டோட கிண்டலும் இல்ல, யாவ்ஹ் மாதிரி வாத்தியார்த்தனமும் இல்ல. வீட்டுக்கு வந்தவங்கள உக்கார வச்சு பேசற பெரியவர் மாதிரி இந்தில 'ஆப்', அதாவது 'நீங்க'ன்னு மரியாதையா பேசினார். எதுத்தாப்ல உக்காந்தவன் வாழ்க்கைல யாரும் அவன்கிட்ட அப்படிப் பேசியிருக்க மாட்டாங்க. பணத்துக்கு முன்னாடியே அது ஒரு பரிசுதான்.

கண்ணீர் எங்கேர்ந்து வருதுங்கறதுக்கும் இங்கதான் விடை. ஜூடித் கெப்பல் வசதியான குடும்பத்து அம்மா, மில்லியன் பவுண்டு வந்தா வாழ்க்கை இன்னும் கொஞ்சம் சௌகரியமாகும். 2011ல கேபிசில 5 கோடி ஜெயிச்ச சுஷில் குமார் பீகார்ல மோதிஹாரிக்காரர், நூறு நாள் வேலைத் திட்டத்துல கம்ப்யூட்டர் ஆபரேட்டர், மாசம் 6000 ரூபா சொச்சம் சம்பளம். அவரப் போய் அழாதய்யா, ஜெர்மன்காரன் மாதிரி ஜோக்கடின்னு எப்படிச் சொல்றது? (பின்னால அவரே எழுதினார், ஜெயிச்சதுக்கப்புறம்தான் வாழ்க்கைலயே மோசமான காலம் ஆரம்பிச்சதுன்னு, அது தனிக் கதை.) பக்கத்துல இலங்கைல சிரச டிவி நடத்தற சிங்கள 'லட்சபதி'ல 2021 ஜனவரில காலிங்கற ஊர்ப் பள்ளிக்கூடத்து முஸ்லிம் பொண்ணு ஒருத்தி 20 லட்சம் ஜெயிச்சா. கோவிட்ல செத்தவங்கள எரிச்சே ஆகணும்னு அரசாங்கம் புடிவாதமா இருந்து முஸ்லிம் மக்கள் கொதிச்சுக்கிட்டிருந்த நேரம் அது, சிங்களக் குடும்பங்கள் எல்லாம் அந்தப் பொண்ணக் கொண்டாடினாங்க. அங்க அழுதவங்களையும் நான் குத்தம் சொல்ல மாட்டேன்.

உங்க எரிச்சல்ல நியாயம் எங்கன்னா, அந்த முன்னாடியே எடுத்து வச்ச வீடியோ. ஓட்டு வீடு, ஒழுகற கூரை, அம்மா அடுப்பூதறது, பின்னாடி வயலின். நாற்காலில ஒருத்தன் 3 லட்சத்து 20 ஆயிரம் கேள்விக்குத் தடுமாறும்போது, "இத எடுத்துக்கிட்டு போயிட்டா தங்கச்சி கல்யாணம் முடியும் சார்"னு தானா வாய்லேர்ந்து வந்தா அது அந்த கேப்புக்குள்ள நடக்கறது, நிகழ்ச்சியோட உயிரே அதுதான். அதே விஷயத்த முன்கூட்டியே படம் புடிச்சு, இப்ப அழுன்னு மியூசிக் போட்டுச் சொன்னா நாற்காலிக்கு வேலையே இல்ல. 2020 ஜனவரில கலர்ஸ் தமிழ் 'கோடீஸ்வரி'ல மதுரை கௌசல்யா கார்த்திகா, காது கேக்காது பேச வராது, 1 கோடி ஜெயிச்சாங்க. அத விவரிக்க வயலினே வேண்டியதில்ல.

கடைசியா யார் நடத்தணும்னு கேட்டீங்க. டாரன்ட் ரேடியோக்காரர், ஃபில்பின் டாக் ஷோ நடத்தினவர், யாவ்ஹ் பத்திரிகையாளர். அரபு நாட்டுக்கெல்லாம் சேத்து நடத்தின ஜார்ஜ் கோர்தாஹியும் ஒலிபரப்பாளர்தான், அவர் 2021ல லெபனான் தகவல் அமைச்சராகி, ஏமன் போர் பத்தி எப்பவோ பேசினது சவூதிக்குக் கோவத்தக் கெளப்பி சீக்கிரமே ராஜினாமா பண்ணினார், பரிசு சவூதி ரியால்ல குடுத்த மனுஷனுக்கு வந்த சோதனை. நம்ம பக்கம் வந்தா அமிதாப், நடுவுல 2007ல ஷாருக், தமிழ்ல சூர்யா, பிரகாஷ் ராஜ், அரவிந்த் சாமி, ராதிகா, தெலுங்குல நாகார்ஜுனா, சிரஞ்சீவி, மலையாளத்துல சுரேஷ் கோபி, கன்னடத்துல புனீத். எல்லாம் சினிமாதான். வந்து உக்கார்றவங்களுக்கு ஸ்டாரைப் பாத்த சந்தோஷம் தெளியவே ரெண்டு பிரேக் ஆயிடுது, அதுக்குள்ள அஞ்சு கேள்வி போயிடும். எனக்கு ஆசை என்னன்னா, பட்டிமன்றத்துல பேசற தமிழ் வாத்தியார் யாரையாவது, பள்ளிக்கூடத்துல முப்பது வருஷம் பசங்க முகத்தைப் பாத்தே எவன் படிக்காம வந்திருக்கான்னு கண்டுபிடிச்ச ஒரு ரிட்டயர்ட் டீச்சரா இருந்தா ரொம்ப விசேஷம், அவங்கள ஒரு சீசனாவது உக்கார வச்சுப் பாக்கணும். எந்தச் சேனலும் ஒத்துக்காது, ஸ்பான்சர் கிடைக்க மாட்டான்.

இன்னொண்ணு கேக்க மறந்துட்டேன். அங்க 2007லேர்ந்து ஒரு ரிஸ்க் ஆப்ஷன் இருக்கு இல்ல, உதவி நாலாயிடும், ஆனா 16,000 யூரோ பாதுகாப்பு போயிடும், தப்பா சொன்னா நேரா 500க்கு விழணும். அத எந்த மாதிரி ஆளுங்க எடுக்கறாங்க, உங்க ஆபீஸ்ல ஜெர்மன்காரங்க எடுப்பாங்களா, கேட்டு எழுதுங்க.