எவ்தெ, எவின்தெ: நடுவே நுழையும் 'ன்'

கேள்வி: துருக்கி மொழியில் 'எவ்' வீடு, 'எவ்தெ' வீட்டில், 'எவி' அவன் வீடு. அப்படியானால் 'அவன் வீட்டில்' என்பது 'எவிதெ' ஆகத்தானே வேண்டும்? 'எவின்தெ' என்று திருத்துகிறார்கள். அது 'உன் வீட்டில்' அல்லவா?
– வாசகி, திருச்சி

பதில்: இரண்டுக்கும் 'எவின்தெ'தான். விகுதிகளின் வரிசை மாறாது: பெயர், பன்மை, உடைமை, கடைசியில் வேற்றுமை. 'எவ்-லெர்-இமிஸ்-தென்' என்றால் எங்கள் வீடுகளிலிருந்து. படர்க்கை உடைமையான 'இ'க்குப் பின் வேற்றுமை உருபு வந்தால் நடுவே 'ன்' கட்டாயம்: எவ்-இ-ன்-தெ. நம் சாரியை மாதிரிதான், தனக்கென்று பொருள் இல்லை. சுட்டுப்பெயரிலும் அதே 'ன்' உண்டு: 'ஒ' அது, 'ஒன்தா' அதில். முன்னிலைக்கோ உடைமை விகுதியே 'இன்': எவ்-இன்-தெ. பிரிப்பு வேறு, ஒலி ஒன்று. ஐயம் வருமிடத்தில் முன்னால் 'ஒனுன்' (அவனுடைய, அவளுடைய) அல்லது 'செனின்' (உன்னுடைய) சேர்த்துவிடுங்கள்.

உயிரில் முடியும் சொற்களில் இந்தத் தொல்லை இல்லை. 'அரபா' கார், 'அரபான்தா' உன் காரில், 'அரபாஸுன்தா' அவன் காரில். இந்த 'ஸு'வை இதழ் குவிக்காமல், 'காசு' என்பதன் கடைசி உகரம்போல் சொல்லுங்கள். குற்றியலுகரம் நமக்குப் பழக்கமானது, இங்கே கை கொடுக்கும். துருக்கியின் உறவு மொழியான உஸ்பெக்கில் இந்த 'ன்'னே கிடையாது: 'உயிதா' என்றாலே அவன் வீட்டில்.

கேள்வி: 'அலியின் வீடு' என்பதற்கு 'அலினின் எவ்' என்று எழுதினால் என்ன தவறு?
– வாசகர், மதுரை

பதில்: தமிழில் உடையவருக்கு மட்டும் உருபு போதும், அங்கே உடைமைப் பொருளுக்கும் விகுதி வேண்டும்: 'அலினின் எவி'. தமிழர் அதிகம் சறுக்குவது இங்கேதான். பேச்சில் 'பிஸிம் எவ்' (எங்கள் வீடு) போன்றவை மட்டும் விகுதியின்றி ஓடும்.

உடையவரின் உருபை நீக்கினால் வகைப் பெயராகிவிடும்: 'ஒதெலின் ஒதாஸு' அந்த ஹோட்டலின் அறை, 'ஒதெல் ஒதாஸு' பொதுவாக ஹோட்டல் அறை. தெருப்பெயர்களும் இந்த அச்சில்தான். இஸ்தான்புல்லின் 'இஸ்திக்லால் ஜாத்தெஸி'யில் இருப்பதாகச் சொல்ல, மறுபடி அந்த 'ன்' வரும்: 'ஜாத்தெஸின்தெ'.

கேள்வி: இரண்டாம் வேற்றுமை எப்போது வரும்?
– வாசகர், சேலம்

பதில்: குறிப்பிட்ட பொருளுக்கு. 'கிதாப் ஒகுதும்' புத்தகம் படித்தேன். 'கிதாபு ஒகுதும்' புத்தகத்தைப் படித்தேன். தமிழ்க் காது இதைத் தானாகவே பிடித்துக்கொள்ளும். ஒரே எச்சரிக்கை: 'எவி' என்பது 'வீட்டை' என்றும் பொருள்படும். 'அவன் வீட்டை' என்றால் 'எவினி'.